ஒரே மழை, இரண்டு குப்பி

போன வாரம் வானிலைப் பயிற்சி வகுப்பில் உங்களில் ஒரு பெண் கேட்டாள்: "மேடம், நம்ம ஸ்டேஷன் நம்பரும் இன்னொரு நாட்டு நம்பரும் ஒத்துப்போகலைன்னா என்ன செய்யணும்?" நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பக்கத்தில் இருந்த பையன், "ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துட வேண்டியதுதான்" என்றான். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்த மாதிரி இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லாமல் விட்டால் எனக்கு ஆறாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பெருமை பேசுகிறவள். வயதானால் அடக்கம் வரும் என்பார்கள், எனக்கு வரவில்லை. இன்றைக்கு நீங்கள் ஒரு பொத்தானைத் தட்டினால் உலகத்தின் எந்த மூலையிலும் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று திரையில் வருகிறதே, அந்தக் கட்டிடத்தின் அடியில் கிடக்கும் கற்களில் ஒன்று கல்குளம் தாலுகாவிலிருந்து போனது. அதைச் சுமந்தவர்களில் நானும் ஒருத்தி. பெருமைப்படாமல் வேறென்ன செய்வது?

மண்டைக்காட்டிலிருந்து கடலோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு மேட்டில் எங்கள் வானிலை நிலையம். ஓட்டுக் கட்டிடம், முன்னால் மணல் முற்றம், முற்றத்தில் கருவிகள். வேதியியல் படித்து முடித்த கையோடு அங்கே தற்காலிக வேலையில் சேர்ந்தேன். வடசேரியில் எங்கள் வீடு. காலையில் பஸ் பிடித்துப் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். நிலையத்தில் நான் ஒருத்திதான் பெண். அதைப் பற்றி ஆளுக்கொன்று பேசினார்கள். பேசுகிறவர்கள் பேசட்டும் என்று நான் பாட்டுக்கு வேலையைப் பார்த்தேன்.

வேலை இதுதான். பல நாடுகள் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்திருந்தன. ஒரு நாட்டு ஆலைப்புகையும் புழுதியும் காற்றில் எவ்வளவு தூரம் போகிறது, யார் ஊர் மழையில் இறங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிப் புனல் வைத்து, ஒரே முறையில் மழைநீரைப் பிடித்து, குப்பியில் அடைத்து, வடக்கே ஒரு பனி நாட்டில் இருந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத நாடுகளின் மழையெல்லாம் அங்கே ஒரே மேஜையில் அடுத்தடுத்து நிற்கும். அந்த மேஜையில் எங்கள் மண்டைக்காட்டு மழைக்கும் ஓர் இடம். அதை நினைத்துக்கொண்டே பஸ்ஸில் நின்றபடி வருவேன், கால் வலி தெரியாது.

ஊருக்கு விளக்கிச் சொல்வதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிடும். வடசேரிச் சந்தையில் காய் விற்கும் அம்மா ஒருநாள் என்னை நிறுத்தினாள். "மக்கா, நீ மழத்தண்ணிய குப்பியில அடச்சு சீமைக்கு அனுப்புகியாமே, உள்ளதா?"

"உள்ளதுதான்."

"ஏன், அங்க மழ பெய்யாதா?"

"பெய்யும். அவங்க மழையும் நம்ம மழையும் ஒண்ணுதானான்னு பாக்கதுக்கு."

அவள் தராசைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இதுக்கு காலேஜில போயி படிக்கணுமா? பாவம், ஒனக்க அப்பன்" என்றாள்.

இரண்டு வருஷம் ஒழுங்காகப் போயிற்று. ஐம்பத்தாறில் அந்த ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. உங்கள் மழையில் கடல் உப்பு இருக்கிறது, சரி, கடலோரம்தானே. ஆனால் புழுதியும் சாம்பலும் கிட்டத்தட்ட இல்லவே இல்லையே, எப்படி? மரியாதையான ஆங்கிலத்தில்தான் கேட்டிருந்தார்கள். அந்த மரியாதையை உரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது வேறு. யாரோ சுத்தமான தண்ணீரை ஊற்றிக் குப்பியை நிரப்புகிறார்கள் என்பதுதான் அதன் பொருள். குப்பியை நிரப்புகிறவள் நான் ஒருத்திதான்.

எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் முழுதாக இறங்கவில்லை. இந்தியா என்றால் புழுதி என்று அவர்கள் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். வைகாசிப் பாதியில் தொடங்குகிற எடவப்பாதி மழை பெருங்கடலைத் தாண்டி நேரே எங்கள் முற்றத்துக்கு வருகிறது. நடுவில் புழுதிக்கு எங்கே போகும்? மழை சுத்தமாக இருந்தால் அதுவும் குற்றமா?

எங்கள் நிலையத்தின் தலைவரைச் சூப்பிரண்டு என்றுதான் எல்லாரும் சொல்வோம். சுசீந்திரம் பக்கத்துக்காரர், நிதானமான மனிதர், அருமையான ஆங்கிலம். அவர்தான் எங்கள் நிலையத்தை இந்த ஏற்பாட்டில் சேர்க்க வேண்டும் என்று மேலே மன்றாடி இடம் வாங்கியவர். அவர் மகளை அழைக்கிற மாதிரி என்னைக் கூப்பிட்டு, "மக்களே, அங்கேருந்து ஒருத்தரு வாறாரு. அவருக்க புனல நம்ம புனல் பக்கத்தில வச்சு ஒரு மழ பிடிப்பாரு. ரெண்டும் ஒத்து வந்தா நல்லது" என்றார்.

"ஒத்து வரலைன்னா?"

"நம்மள பட்டியல்ல இருந்து எடுத்துருவாவ. ரெண்டு வருசத்துக் கணக்கையும் கிழிச்சுப் போட்டுருவாவ." என் வேலையும் அதோடு போகும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

அவருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. எங்கள் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேரப்போகிற சமயம் அது. ஊரெல்லாம் கொண்டாட்டம். ஆனால் அலுவலகங்களில் எல்லாருக்கும் பயம். புதிதாக வருகிற மேலதிகாரிகள் எங்களை எப்படிப் பார்ப்பார்கள், எந்த நிலையத்தை வைத்துக்கொள்வார்கள், எதை மூடுவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த நேரம் பார்த்து வெளிநாட்டிலிருந்து கெட்ட பெயர் வந்தால் அவ்வளவுதான்.

வெளிநாட்டுப் புனல் ஒரு மரப்பெட்டியில் முதலில் வந்து சேர்ந்தது. அதன் சொந்தக்காரர் சில நாள் கழித்து வந்தார். இந்த இடைவெளியில்தான் சரஸ்வதி பூசை வந்தது.

எங்கள் பக்கத்தில் பூசை வைப்பது எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். புத்தகம், பேனா, அரிவாள், தையல் இயந்திரம், எதுவானாலும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் திருநீறு வைத்துச் சாமி முன்னால் அடுக்கிவிடுவோம். விஜயதசமி அன்று பூசை எடுக்கும்வரை அதைத் தொடக்கூடாது. அதற்கும் ஓய்வு, நமக்கும் ஓய்வு. நிலையத்திலும் சாமான் அறையில் வருஷா வருஷம் அப்படித்தான். அதை முன்னின்று செய்கிறவர் எங்கள் அட்டெண்டர் தாணு அண்ணாச்சி. வயதிலும் மூத்தவர், வேலையிலும் மூத்தவர், என்னைப் "பிள்ளே" என்றுதான் கூப்பிடுவார்.

விருந்தாளி வந்தார். நெட்டையான மனிதர். நல்லவர், அதையும் சொல்ல வேண்டும். வெயிலில் சிவந்துபோய், எதைக் கொடுத்தாலும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். சுதந்திரம் வந்து இத்தனை வருஷமாகியும் தாணு அண்ணாச்சிக்கு அவர் "தொரை"தான். விஜயதசமி கழிந்த மறுநாள் துரையின் புனலை எங்கள் புனலுக்கு ஒரு கை தூரத்தில் நிறுத்தினோம். அதன் கீழே குப்பியிருக்கும் பெட்டியை அவரே பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மழை காத்துக்கொண்டிருந்த மாதிரி அன்று மத்தியானமே கொட்டியது.

மழை விட்டதும் இரண்டு குப்பிகளையும் என் மேஜைக்குக் கொண்டுவந்தோம். விரிவான சோதனையெல்லாம் அந்த நாட்டில்தான். ஆனால் உப்பு எவ்வளவு என்று இங்கேயே பார்க்கலாம். சாயத்துளி விட்டு அமிலப் பக்கமா காரப் பக்கமா என்றும் பார்க்கலாம். மழைநீரில் சாம்பலோ சுண்ணாம்போ கலந்திருந்தால் காரம் ஏறும்; சாயம் மஞ்சளாகிக் காட்டிக் கொடுத்துவிடும். உப்பு இரண்டிலும் ஒன்றுபோல இருந்தது. சூப்பிரண்டு எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி தலையசைத்தார். அப்புறம் இரண்டு கண்ணாடிக் குவளையிலும் சாயத்துளி விட்டேன். எங்கள் மழை சிவப்புக் கலந்த ஆரஞ்சாக நின்றது. துரையின் மழை மஞ்சளாகிவிட்டது, பளீரென்று.

துரை இரண்டு குவளையையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"ஒரே வானம், ஒரே மழை" என்றார் துரை, மெதுவாக. "என் புனலில் சாம்பல் இருக்கிறது. உங்கள் புனலில் இல்லை. இந்த நிலையத்தில் நல்ல தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள், மிஸ்?"

எனக்கு ஆங்கிலம் மறந்துபோயிற்று. "நான் கெணத்துத் தண்ணிய ஊத்துனேன்னு சொல்லுகியளா?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவருக்குச் சொல் புரிந்திருக்காது, தொனி புரிந்தது. முகம் இன்னும் சிவந்தது. சூப்பிரண்டு நடுவில் புகுந்து என்னவோ சமாதானம் பேசி, நாளைக்குத் திற்பரப்பு அருவியைப் பார்க்காமல் ஊருக்குத் திரும்பக் கூடாது என்று சொல்லி அவரை வெளியே அழைத்துப் போனார். அதற்கு மறுநாள் அவர் திருநெல்வேலியில் ரயிலேற வேண்டும்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் காரில் திற்பரப்புக்குப் போய்விட்டார்கள். உலகம் என்னைக் கள்ளி என்று எழுதப்போகிறது, இவருக்கு அருவியில் குளியல் கேட்கிறதா என்று சூப்பிரண்டை மனதுக்குள் வைதுகொண்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தேன். வைதாலும் கண் அந்த உப்புக் கணக்கிலேயே நின்றது. திடீரென்று உறைத்தது. அட, நான் எவ்வளவு பெரிய மண்டு! நான் தண்ணீர் ஊற்றியிருந்தால் உப்பும் அல்லவா குறைந்திருக்க வேண்டும்? உப்பு இரண்டிலும் ஒன்றுதானே? அப்படியானால் எங்கள் குப்பியில் எதுவும் கலக்கவில்லை. துரையின் குப்பியில்தான் என்னவோ கூடச் சேர்ந்திருக்கிறது.

முற்றத்துக்கு ஓடினேன். துரையின் புனலைக் குனிந்து பார்த்தேன். பளபளவென்று இருந்தது. ஆனால் உட்பக்கம், கழுத்து சேருகிற மடிப்பில், நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு. அதன் பக்கத்தில் வெள்ளையாக ஒரு படிவு. எங்கள் ஊரில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அது என்ன என்று தெரியும். குங்குமம். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துச் செய்கிற குங்குமம். வெள்ளை, திருநீறு. அது சாம்பலே அல்லவா!

விரலை நீட்டினேன். மடிப்பில் ஒரு தேய் தேய்த்து எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று கை பறந்தது. அந்த இடத்தில் என்னவோ என்னைப் பிடித்து நிறுத்தியது. பிள்ளைகளே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். சந்தேகம் என் மேல்தான் இருக்கிறது. முற்றத்தில் நான் தனியாக நிற்கிறேன். நான் தொட்ட பிறகு அந்தப் புனலில் எது கிடைத்தாலும் அதை நானே வைத்தேன் என்றுதான் ஆகும். உண்மை நம் பக்கம் இருக்கிற நேரத்தில்தான் கை அதிகமாக அரிக்கும். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் மலைப்பக்கம் இடி கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் வேளிமலை கறுத்துக் கிடக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மழை. இன்னொரு மழை பெய்தால் மடிப்பில் மிச்சம் இருப்பதும் கழுவிக்கொண்டு போகும். புனலைத் தொடக்கூடாது, நனையவும் விடக்கூடாது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"தாணு அண்ணாச்சி! கொடைய எடுத்துட்டு ஓடி வாங்க!"

அவர் அலுவலகத்துப் பெரிய கறுப்புக் குடையோடு ஓடிவந்தார். நான் அதை வாங்கி விரித்துத் துரையின் புனலுக்கு மேலே பிடித்தேன். அவர் என்னையும் புனலையும் மாறி மாறிப் பார்த்தார். "பிள்ளே, மழ பிடிக்கப்பட்ட சாமானத்துக்கு எதுக்கு கொட?" என்றார். மழை வந்துவிட்டது. நல்ல மழை. எங்கள் புனல் பாட்டுக்கு நனைந்து தன் வேலையைப் பார்த்தது. நான் தலை முதல் கால்வரை நனைந்துகொண்டு துரையின் புனலுக்குக் குடை பிடித்து நின்றேன்.

"அண்ணாச்சி, சத்தியமா சொல்லணும். தொரைக்க புனலுக்கு பூச வச்சியளா?"

"வைக்காம பின்னே? வந்த விருந்தாளிக்க சாமானத்த மட்டும் மூலைல ஒதுக்கி வைக்கப் பற்றுமா? சூப்பிரண்டு சாறுதானே சொன்னது, அந்தப் பெட்டியையும் தொறந்து வையுங்கோ, நம்ம ஊருக்கு வந்தது நல்லபடியா நடக்கட்டும்னு. சந்தனம் குங்குமம் வச்சேன். மழ விழுகப்பட்ட வாயாக்குமே, உள்ளயும் ஒரு நுள்ளு திருநீறு போட்டேன். பூச எடுத்தப்ப தொவர்த்த வச்சு நல்லா தொடச்சாச்சு, கேட்டியா? ஏன் பிள்ளே, என்னமாம் தப்பாயிட்டா?"

சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. சூப்பிரண்டே சொல்லியிருக்கிறார்! என் வேலை நன்றாக நடக்க வேண்டும் என்று நினைத்துத்தான் இரண்டு பேரும் செய்திருக்கிறார்கள். அந்த அன்பு என் கழுத்துக்குக் கத்தியாக வந்து நிற்கிறது.

அந்த நேரம் பார்த்துக் கார் வந்து நின்றது. மழை கண்டு பாதியில் திரும்பியிருக்கிறார்கள். துரை இறங்கினார். தன் புனலுக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று அதில் எழுதியிருந்தது. "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"உங்கள் புனலை நான் தொடவில்லை. யாரும் தொட வேண்டாம். ஐந்து நிமிஷம் கொடுங்கள்" என்றேன். குடையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுச் சூப்பிரண்டைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இத அவருகிட்ட சொல்லப்பிடாது மக்களே. அளக்கப்பட்ட கருவிக்கு திருநீறு பூசுகாவன்னு ஒலகம் முழுக்க சிரிப்பாணி ஆயிரும். புது மேலதிகாரிமாருக்கும் தெரியும். தாணுவுக்க வேலை, எனக்க வேலை எல்லாம் போவும். ஒரு காக்கா எச்சம் போட்டுட்டுன்னு சொல்லிருவோம்."

"காக்கா குங்குமம் வைக்குமா சார்?"

"ஒனக்கு வாயி கூடுதலு."

"கூடுதலுதான். காக்கான்னு சொன்னா, இந்த எடமே அசுத்தம், இங்க மழை பிடிக்க லாயக்கில்லன்னு எழுதிட்டுப் போவாரு. அப்பவும் நம்ம பேரு போகும். சார், நாம பூசை வச்சதுல எனக்கு வெக்கம் இல்ல. பொய் சொன்னா வெக்கம். ரெண்டு வருஷம் ஒரு நம்பர் கூட பொய் எழுதலை நான். இப்ப ஒரு காக்காவுக்காக எழுதச் சொல்றீங்களா?"

அவர் தூணைப் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்து நின்றார். தலைவரிடம் நான் இப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவர் தோளில் கிடந்த துவர்த்தால் முகத்தைத் துடைத்தார். மழையில் இறங்கித் துரையின் முன்னால் போய் நிமிர்ந்து நின்றார். தன் அழகான ஆங்கிலத்தில், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், பூசை என்றால் என்ன, யார் வைத்தது, வைக்கச் சொன்னது தான்தான் என்று முழுவதையும் சொன்னார். "இதில் அந்தப் பெண்ணுக்குச் சம்பந்தமில்லை. இப்போதுதான் அவளுக்கே தெரியும்" என்றும் சொன்னார். என்னோடு வேலை பார்த்த பெரியவர்களில் நான் முழு மனசோடு கும்பிட்டது அவரைத்தான். அந்த ஒரு நிமிஷத்துக்காக.

துரை நம்பினாரா என்றால், அப்போது இல்லை. நல்ல விஞ்ஞானி அப்படி லேசில் நம்பக்கூடாது. மழை விட்டதும் நான் சொன்னேன்: "நீங்களே சோதியுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரை நீங்களே இரண்டு புனலிலும் ஊற்றுங்கள். வழிந்து வருவதை நீங்களே பிடியுங்கள். சாயத்துளியையும் நீங்களே விடுங்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்." அப்படியே செய்தார். எங்கள் புனல் வழியாக வந்த தண்ணீரில் சாயம் நிறம் மாறவில்லை. அவர் புனல் வழியாக வந்தது மஞ்சளாயிற்று. அதன்பிறகு அவர் வெள்ளைக் கைக்குட்டையை மடிப்பில் விட்டு எடுத்தார். கைக்குட்டையில் சிவப்புக் கறை.

அவர் அதை மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. தாணு அண்ணாச்சியைக் காட்டி, "இவரிடம் ஒன்று கேளுங்கள். என் புனலுக்கு வைத்த பூசையை உங்கள் புனலுக்கு ஏன் வைக்கவில்லை?" என்றார். நல்ல கேள்வி. எனக்கே அது தோன்றவில்லை. தமிழில் கேட்டேன்.

தாணு அண்ணாச்சிக்குக் கோபமே வந்துவிட்டது. "என்ன பிள்ளே கேள்வி இது? பூசைக்கு வச்சா பூச எடுக்கது வர தொடப்பிடாதுல்லா? அந்த நேரம் மழ வந்தா ஆரு பிடிப்பா? மழைக்கு லீவு உண்டா? தொரைக்க சாமானம் பெட்டியில சும்ம கெடந்தது, வச்சேன். நம்மளது வேலையில நிக்குதுல்லா. வேலையில நிக்கப்பட்டத பூசைக்கு எடுக்கப்பிடாது. இவரு இவ்வளவு படிச்சிட்டு இது தெரியாதா?"

கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டு மற்றதை மொழிபெயர்த்தேன். துரை எங்கள் புனலின் பக்கத்தில் போய் நின்று அதை வெகு நேரம் பார்த்தார். "அப்படியானால் இரண்டு வருஷத்தில் இது ஒரு நாள்கூட ஓய்ந்ததில்லை" என்றார்.

"சாமிக்காகக்கூட ஓய்ந்ததில்லை" என்றேன்.

ஆனால் விஷயம் முடியவில்லையே! அவர் புனல் கெட்டுப்போனதால் ஒப்பீடும் கெட்டுப்போயிற்று. எங்கள் மழை பொய்யில்லை என்று தெரிந்தது; சரிதான் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. காலையில் அவர் போயாக வேண்டும். துரை சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "புனலைக் கழுவி நீங்களே அடுத்த மழைகளைப் பிடியுங்கள். உங்களை நம்புகிறேன்" என்றார்.

முந்தின நாள் கள்ளி; இன்றைக்கு நம்பிக்கைக்குரியவள். யாருக்குத்தான் மனசு குளிராது? சூப்பிரண்டு முகம் மலர்ந்து நின்றார். நான்தான் குறுக்கே பேசினேன். "நம்ப வேண்டாம்" என்றேன். துரை திகைத்துப்போனார். "இன்றைக்கு நீங்கள் நம்புவீர்கள். நாளைக்கு உங்கள் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்து மறுபடி கிணற்றுத் தண்ணீரா என்று கேட்பார். சாவி சூப்பிரண்டிடம் இருக்கட்டும், அவர் கண் முன்னால் இரண்டு புனலின் மழையையும் ஒரே மாதிரிக் குப்பியில் அடைத்து அனுப்புகிறேன். எது யாருடையது என்று எழுத மாட்டேன். வித்தியாசம் இருந்தால் உங்கள் ஆய்வுக்கூடமே கண்டுபிடிக்கட்டும்."

"ஏன் மக்களே, கிடைச்சத வேண்டாம்னு சொல்லுகியே?" என்று சூப்பிரண்டு தமிழில் பல்லைக் கடித்தார். துரை மட்டும் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் காலத்தில் ஒரு வெளி ஆண் என் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. வீட்டில் நான் சொல்லவில்லை.

உங்களுக்கு இன்றைக்கு இது பாலபாடம். பெயர் மறைத்து மாதிரியை அனுப்புவது, வெறும் நீரை ஊற்றிக் கருவியையே சோதிப்பது எல்லாம் உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. அவற்றை உலகத்தில் முதலில் செய்தது நாங்கள்தான் என்று சொல்ல மாட்டேன். எங்களுக்கு எந்தக் கையேடும் சொல்லித் தரவில்லை என்று மட்டும் சொல்வேன். அவமானம் வாசல்வரை வந்து நின்றபோது யோசித்தோம்.

அந்த ஐப்பசித் துலாவர்ஷம் முழுக்க இரண்டு புனலும் பக்கத்தில் பக்கத்தில் நின்று நனைந்தன. குப்பிகள் கப்பலேறின. அதற்குள் எங்கள் ஊர் சென்னை மாநிலமாகிவிட்டது. புதிய மேலதிகாரி ஒருவர் வந்தார், எல்லாவற்றையும் பார்த்தார், இந்த மழை வேலை எதற்கு என்று கேட்டார். பதில் வரட்டும் என்றார் சூப்பிரண்டு. பதில் வராமல் இருந்த அந்த நாட்களில் நான் ஒழுங்காகச் சாப்பிட்டதாக ஞாபகமில்லை. பஸ்ஸில் யாராவது சும்மா பார்த்தால்கூட, இவருக்கும் தெரிந்துவிட்டதோ என்று தோன்றும்.

பதில் வந்த அன்று முற்றத்தில் வெயில். சூப்பிரண்டு உறையைப் பிரித்து நின்றபடியே படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"என்ன சாறே எழுதியிருக்கு?" என்றார் தாணு அண்ணாச்சி.

சூப்பிரண்டு கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. சத்தமாக, தமிழில் சொன்னார்: "எல்லா சோதனையும் செஞ்சு பாத்துட்டாவளாம். ரெண்டு குப்பியும் ஒண்ணுபோல இருக்காம். அவியளுக்க மழை எது, நம்ம மழை எதுன்னு அவியளால சொல்லப் பற்றலியாம். தயவுசெஞ்சு நீங்களே சொல்லுங்கோன்னு கேக்காவ."